பிராண்ட் டெஸ்க்டாப் கேமுக்குச் சரிவருமா? தலவாக்கலைத் தம்பிக்கு ஒரு பதில்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொழும்பில் வேலை செய்யும் அவருடைய அக்கா, கணினி வாங்க இரண்டு இலட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். டவுன் கடையில் பெயர்பெற்ற கம்பனி ஒன்றின் மெல்லிய டெஸ்க்டாப்பைக் காட்டியிருக்கிறார்கள்: கோர் ஐ5-12400 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 180 வாட் பவர் சப்ளை (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி). கேமின் படத்தை வரையும் தனிக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. "கம்பனி சாமான், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், கார்டை ஆறுதலாகப் போட்டுக்கொள்ளலாம்" என்றாராம் கடைக்காரர். தம்பிக்கு வலோரண்ட், ஜிடிஏ 5, கிரிக்கெட் 24 விளையாட வேண்டும். போகப் போகப் புதிய கேம்களும் ஓட வேண்டும். உயர்தரப் (ஏ/எல்) படிப்புக்கும் அதே கணினிதான். வாங்கலாமா, தவணைக்கு எடுக்கலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம், தம்பி. படிப்புக்கு மட்டும் என்றால் தாராளமாக எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். அந்த வேலைக்கு அது நல்ல கணினி. கேமை மனதில் வைத்து, "கார்டு பிறகு" என்ற பேச்சை நம்பி எடுப்பதானால் அக்காவின் பணம் வீணாகும். இரண்டு இலட்சம் சின்னத் தொகை அல்ல. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் இது 148 நாள் கொழுந்து பறித்து வரும் சம்பளம். அதனால்தான் நீட்டி எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

பிராண்ட் என்றாலே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஹட்டனில் கணினி பழுதுபார்க்கிற எனக்கு, பத்து வருடம் ஓடியும் சத்தமில்லாமல் வேலை செய்கிற கம்பனிக் கணினிகளை அடிக்கடி பார்க்கக் கிடைக்கிறது. என் கருத்து வேறு. மலையகத்தில் இருப்பவருக்கு ஒரு கணினியின் உண்மையான வாரண்டி எது என்றால், அதன் உதிரிப்பாகம் பக்கத்துக் கடையில் கிடைப்பதுதான். பவர் சப்ளை போனால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கண்டியிலோ வேறொன்று வாங்கி மாட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும், அவர்கள் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலால் அளந்து பாருங்கள்.

முதலில் அந்தக் கடைக்காரரின் வாக்கை அளப்போம். ஐ5-12400 ப்ராசஸரின் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். அது சாதாரண ஓட்டத்துக்கான கணக்கு. முழு வேகம் எடுக்கும்போது 117 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெல்லே சொல்கிறது. தனியாக வயர் வேண்டாத சிறிய கிராபிக்ஸ் கார்டுகூட மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை எடுக்கும். இரண்டையும் கூட்டினால் 192. பவர் சப்ளையின் மொத்த அளவே 180. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன், யூஎஸ்பியில் சொருகிய கீபோர்டு, மவுஸ் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. எல்லா நேரமும் எல்லாம் உச்சத்தில் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் கேம் என்பது ப்ராசஸரையும் கார்டையும் ஒரே நேரத்தில் ஓட வைக்கும் வேலை. விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் கணினி சட்டென்று அணைந்துவிட்டால் வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி போடுகிறவர்கள் பலர். அங்கே போதாமல் போவது மின்சாரம்.

சரி, பெரிய பவர் சப்ளை வாங்கி மாற்றினால் என்ன? இங்கேதான் முடிச்சு இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டு அந்தக் கணினியின் பக்க மூடியைத் திறந்து பாருங்கள். சாதாரணக் கணினியில் பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு தடித்த வயர்க்கற்றை வரும். அதன் முனையில் இரண்டு வரிசையாக 24 ஓட்டைகள் கொண்ட நீளமான இணைப்பு இருக்கும். அது 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையின் வழியில் வந்தது. யார் செய்த பவர் சப்ளையும் யார் செய்த போர்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட அளவு. டெல், எச்பி, லெனோவோ கம்பனிகளின் அலுவலக, வீட்டு டெஸ்க்டாப்புகள் பலவற்றில் இந்த இணைப்பு இருக்காது. அதைவிட ஓட்டை குறைந்த சின்ன இணைப்புதான் இருக்கும். எஸ்எஸ்டிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் போகும் மின்சாரமும் பவர் சப்ளையிலிருந்து வராமல் போர்டிலிருந்து வரும். மெல்லிய கேசிங்கில் பவர் சப்ளையின் உடலே வேறு வடிவம். சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை அந்த இடத்தில் நுழையாது. கேசிங்கை மாற்றலாம் என்று பார்த்தால் போர்டின் ஸ்குரூ ஓட்டைகளும் பவர் பட்டன் வயரும் ஒத்துவராத மாடல்கள் உண்டு. ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் மாற்றவேண்டி வரும்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1990களின் பிற்பகுதியில் டெல் கணினிகள் சிலவற்றில் இணைப்பு பார்வைக்கு ஏடிஎக்ஸ் போலவே இருக்கும். உள்ளே வயர்களின் ஒழுங்கு மட்டும் வேறு. தெரியாமல் சாதாரண பவர் சப்ளையை மாட்டினால் போர்டு எரிந்துபோகும். இப்போது இணைப்பே வேறு வடிவத்தில் வருவதால் அந்த ஆபத்து குறைவு.

கம்பனிகள் இதைச் சதி செய்யும் நோக்கத்தில் செய்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். ஓர் அலுவலகத்துக்கு ஐந்நூறு கணினி விற்கிறவர்களுக்கு வேண்டியது மின் சிக்கனம், சிறிய உருவம், குறைந்த செலவு. 12 வோல்ட் மட்டும் தரும் பவர் சப்ளை அதற்கு உகந்தது. அந்த அலுவலகத்துக்குச் சேவை ஒப்பந்தம் இருக்கும். பழுதானால் கம்பனி ஆளே வந்து மாற்றிக் கொடுப்பார். தோட்டத்து லயன் வீட்டுக்கு யார் வருவார்?

பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் இதே போன்ற மெல்லிய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒக்டோபர் மாத இடி மின்னலில் பவர் சப்ளை போய்விட்டது. மற்ற எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. சாதாரணக் கணினியாக இருந்திருந்தால் அன்று மாலையே திருத்திக் கொடுத்திருப்பேன். அந்த மாடலுக்குரிய பவர் சப்ளை கண்டியிலும் இல்லை. கொழும்பில் பாவித்தது ஒன்று கிடைத்து வந்து சேரும்வரை அந்தப் பிள்ளை பாடங்களுக்கு அம்மாவின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை.

ரேம் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குக் காட்டிய கணினியில் 8 ஜிபி ஒரே துண்டாக இருக்கும் என்றே நினைக்கிறேன். விலை குறைந்த பிராண்ட் கணினிகளில் வழக்கமாக அப்படித்தான் வரும். தனிக் கார்டு இல்லாதபோது ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், அதாவது இந்த ஐ5இல் யூஎச்டி 730, அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ரேம் இரண்டு துண்டுகளாக இருந்தால் தரவு இரண்டு வழிகளில் ஓடும். ஒரு துண்டாக இருந்தால் ஒரு வழி மட்டுமே. கார்டு இல்லாத கணினியில் இந்த வித்தியாசம் விளையாடும்போது கண்ணுக்கே தெரியும். வலோரண்ட் லேசான கேம், இதில் ஓடிவிடும். ஜிடிஏ 5 படத்தின் தரத்தைக் குறைத்தால் தட்டுத்தடுமாறி ஓடும். புதிய கேம்கள் பலவற்றை நினைத்தே பார்க்க வேண்டாம். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம் த டார்க் ஏஜஸும், ரே ட்ரேசிங் (ஒளி படும் விதத்தைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வசதியுள்ள கார்டு இல்லாவிட்டால் ஓடாது.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உங்களை ஒரு குழியிலிருந்து தூக்கி இன்னொரு குழியில் தள்ளியவனாவேன். "பிராண்ட் வேண்டாம், நாங்களே பூட்டித் தருகிறோம்" என்று கடைகளில் கொடுக்கும் எல்லாக் கணினிகளும் நல்லவை அல்ல. கண்ணாடி மூடி, வண்ண விளக்கு, உள்ளே நான்கு ஃபேன்; ஆனால் கேசிங்கோடு இலவசமாக வந்த பவர் சப்ளை. அதன் மேல் 500 வாட் என்று ஒட்டியிருக்கும். கையில் எடுத்தால் இலேசாக இருக்கும். ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட் வரியைத் தேடிப் பாருங்கள். அங்கே எழுதியிருக்கும் அம்பியரை 12ஆல் பெருக்கினால் ப்ராசஸருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைக்கக்கூடிய வாட் வரும். 12 வோல்ட்டில் 18 அம்பியர் என்றால் 216 வாட்தான். மேலே எவ்வளவு பெரிதாக 500 என்று எழுதியிருந்தாலும் அதுதான் கணக்கு. இப்படிப்பட்ட பவர் சப்ளை போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகும். இதோடு ஒப்பிட்டால் கம்பனிக் கணினியின் 180 வாட் பவர் சப்ளை எவ்வளவோ நேர்மையானது.

பிராண்ட் வாங்குவதே கெட்டித்தனமாக இருந்த காலங்களும் உண்டு. 2020, 2021இல் கிராபிக்ஸ் கார்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கார்டை மட்டும் தனியாக வாங்குவது மடத்தனமான விலையாக இருந்தது. கார்டோடு வந்த பிராண்ட் கணினி மலிவாக விழுந்தது. 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை அதே பாதையில் போகிறது. செயற்கை நுண்ணறிவுக்கான சேவர் கணினிகள் உலகத்தின் ரேமையெல்லாம் இழுத்துக்கொள்கின்றன. குருஷியல் என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு விற்று வந்த வியாபாரத்தை நிறுத்துவதாக மைக்ரோன் கம்பனி 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய கம்பனிகள் ரேமை முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வாங்குகின்றன. ஆகவே கடையில் பூட்டும் கணினியின் விலையையும் அதே அளவு ரேம் உள்ள பிராண்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு எடுக்க வேண்டாம். நான் இங்கே விலை எழுதாததற்கும் அதுதான் காரணம்: டொலரும் ரேமும் மாறுகிற வேகத்தில் இன்று எழுதியது அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

உங்கள் இரண்டு இலட்சத்துக்கும் நீங்கள் சொன்ன கேம்களுக்கும் நான் முதலில் சொல்லும் வழி, பாவித்த அலுவலக டவர் (நிமிர்ந்து நிற்கும் பெரிய கேசிங் உள்ள கணினி) ஒன்றை வாங்கி அதில் சிறிய கார்டு போடுவது. ஆம், அதுவும் பிராண்ட் கணினிதான். வெளிநாட்டு அலுவலகங்கள் சில வருடம் பாவித்துவிட்டுக் கழித்த கணினிகள் நம் நாட்டுக்கு வந்து குவிகின்றன. பவர் சப்ளை சிக்கல் அவற்றிலும் இருக்கிறது. ஆனால் வாங்கும் விலை குறைவு. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் வருவதால், பழுதான கணினிகளிலிருந்து கழற்றிய உதிரிப்பாகங்களும் பாவித்த சாமான் கடைகளில் கிடைக்கின்றன. புதிதாக வந்த மெல்லிய மாடலுக்கு இந்த வசதி கிடையாது.

எதை எடுப்பது? இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு (ஐ5-8500 போல ப்ராசஸர் எண் 8இல் தொடங்கும்) கீழே போகவே வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும். கள்ள ஆட்டத்தைத் தடுக்கும் வலோரண்டின் வேன்கார்ட் என்ற காவல் மென்பொருள், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 (கணினியின் பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (கணினி எழும்பும்போதே பாதுகாப்பைச் சோதிக்கும் வசதி) இரண்டும் இயங்க வேண்டும் என்று கேட்கிறது. நான்காம் தலைமுறைக் கணினி மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடிப்போய் எடுத்தால் நீங்கள் ஆசைப்பட்ட முதல் கேமே வம்பு செய்யும். டெல் ஒப்டிபிளெக்ஸ் 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720 ஆகியவை எட்டாம் தலைமுறைக்கு உரியவை. ஆறு கோர் கொண்ட ஐ5-8500 உங்கள் கேம்களுக்குத் தாராளம்.

மாடல் எண்ணைவிட உருவம் முக்கியம். ஒரே எண்ணில் பெரிய டவரும் வரும், படுக்கவைக்கும் மெல்லிய பெட்டியும் வரும், புத்தகம் அளவு குட்டிப் பெட்டியும் வரும். டவரைத்தான் எடுக்க வேண்டும். மெல்லியதில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். அது தேடுவதற்குக் கஷ்டம், விலையும் கூட. குட்டிப் பெட்டியில் கார்டு போடவே முடியாது. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் மூடியைத் திறந்து, கார்டு போகும் நீளமான ஸ்லாட்டை விரலால் தொட்டுப் பாருங்கள்.

கார்டு விஷயத்தில் வயர் இல்லாமல் ஸ்லாட்டின் 75 வாட்டிலேயே ஓடும் கார்டுதான் நமக்கு வேண்டும், ஏனென்றால் இந்த டவர்களின் பவர் சப்ளையில் கார்டுக்கான வயர் பெரும்பாலும் இருக்காது. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 இதற்குப் பெயர்பெற்றது. ஆனால் அதிலும் ஆறு ஓட்டை வயர் கேட்கும் வகைகள் உண்டு, பார்த்து வாங்குங்கள். பணம் இடம் கொடுத்தால் 2024 பெப்ரவரியில் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 அதைவிட நல்லது. 70 வாட்தான் எடுக்கும், ரே ட்ரேசிங் வசதியும் உண்டு. அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்று இருக்கிறது. அது 130 வாட் எடுக்கும், தனி வயர் கேட்கும். 8 பெரிது என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆர்எக்ஸ் 6400 மலிவாகக் கிடைக்கலாம். அது ஸ்லாட்டின் நான்கு பாதைகளை மட்டுமே பாவிக்கும் கார்டு. எட்டாம் தலைமுறைப் போர்டுகளின் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3 வகை ஸ்லாட்டில் அதன் வேகம் குறைந்துவிடும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வேண்டாம். அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது.

பாவித்த கணினியில் இரண்டு சின்ன எரிச்சல்கள் வரும். பழுதான ஃபேனை நாமாக மாற்றினால், ஃபேன் வேலை செய்யவில்லை என்று சொல்லி ஒவ்வொரு முறையும் ஒரு பட்டனை அழுத்தச் சொல்லும் போர்டுகள் உண்டு. ஏஎம்டி கம்பனியின் ரைசன் புரோ ப்ராசஸர் உள்ள லெனோவோ கணினியிலிருந்து கழற்றிய ப்ராசஸர் மலிவாகக் கிடைத்தால் தொட வேண்டாம். அவற்றில் சில லெனோவோ போர்டோடு பூட்டப்பட்டவை, வேறு போர்டில் எழும்பாது.

இரண்டாவது வழி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. நம் வீடுகளில் எதையும் அப்படித்தானே வாங்குகிறோம். உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், சாதாரண அளவுப் போர்டு, நம்பகமான கம்பனியின் 550 வாட் பவர் சப்ளை, இரண்டு துண்டாக 16 ஜிபி ரேம். இதில் வலோரண்டும் ஜிடிஏ 5உம் இன்றே ஓடும். அடுத்த வருடம் பணம் சேர்ந்தால் நல்ல கார்டு ஒன்றை மாட்டலாம்; பவர் சப்ளை அதற்குக் காத்திருக்கும். ரேம் விலை ஒத்துழைத்தால் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். எது பழுதானாலும் பக்கத்து டவுனில் மாற்று கிடைக்கும்.

மடிக்கணினியையும் ஒதுக்கிவிட முடியாது. உயர்தரம் எழுதப்போகிறீர்கள், பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ போன்ற பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போகும்போது டவரைக் கட்டித் தூக்கிக்கொண்டு போக முடியாது. மின்சாரம் போனாலும் பாதி எழுதிய பாடக் குறிப்பு அழியாது. இங்கே பிராண்ட் தவிர வேறு வழியும் இல்லை: எச்பி விக்டஸ், லெனோவோ லோக், ஏசர் நைட்ரோ, ஆசுஸ் டஃப் எல்லாம் இந்த விலைக்கட்டின் கேம் மடிக்கணினிகள். புதியவை உங்கள் தொகைக்கு மேலேதான் போகும் என்று நினைக்கிறேன். வாங்கும் நிலை வந்தால் கார்டின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். மடிக்கணினியின் ஆர்டிஎக்ஸ் 4060 மாடலைப் பொறுத்து 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்காவது ஓடலாம்; பெயர் ஒன்று, வேகம் வேறு. எத்தனை வாட் என்று கேட்டு, கம்பனியின் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். பேட்டரியில் விளையாடினால் வேகம் நன்றாகக் குறையும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

நம் மலைக்கே உரிய சில விஷயங்கள் இருக்கின்றன. குளிர் நமக்குச் சாதகம். கொழும்பில் கொதிக்கிற கணினி நுவரெலியாவில் அமைதியாக ஓடும். ஆனால் மூடுபனியும் விறகு அடுப்பும் எதிரிகள். லயன் வீடுகளில் அடுப்புப் புகையின் கரி, ஈரத்தோடு சேர்ந்து ஃபேன் இறக்கைகளில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஊதினால் போகாது, கழற்றித் துடைக்க வேண்டும். கணினியை அடுப்படிச் சுவருக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடிவைக்காதீர்கள். தினமும் கொஞ்ச நேரம் ஓடினால் அந்தச் சூட்டிலேயே உள்ளிருக்கும் ஈரம் காயும்.

இடியைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ரூட்டரின் வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாலும் வரும். மின்னல் தடுப்புப் பலகை வாங்கினேன் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. வீட்டு வயரிங்கில் எர்த் இல்லாவிட்டால் அது வெறும் நீட்டிப்பு வயர். பழைய லயன்களில் எர்த் இல்லாத வீடுகள் ஏராளம். மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு எர்த் கம்பி போடுவதற்கு, கார்டு வாங்கும் காசில் ஒரு பங்கை முதலில் ஒதுக்குங்கள். யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். 650 விஏ என்று எழுதியது 650 வாட் அல்ல. ஏறத்தாழ 360 வாட்தான். அது விளையாட்டைத் தொடர அல்ல, சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்க.

இணையத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி சொல்கிறேன். ஃபைபர் வராத தோட்டத்தில் 4ஜி சிக்னல் மலைக்குப் பின்னால் மறைந்திருந்தால் எந்தக் கணினியாலும் வலோரண்ட் சீராக ஓடாது. வாங்குமுன் ஒரு மடிக்கணினியை இரவல் எடுத்து, இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டிலிருந்தே விளையாடிப் பாருங்கள்.

கடைசியாகப் பற்றுச்சீட்டும் தவணையும். நம் நாட்டில் வாரண்டி ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று சிறிய எழுத்தில் அச்சடிக்கும் கடைகள் பல. எரிந்த தடம், உடைவு, துரு இருந்தால் வாரண்டி இல்லை என்பதும் அங்கேயே இருக்கும். துரு என்ற சொல்லைக் கவனியுங்கள். மூடுபனி வரும் ஊரில் அது முதலில் நம்மைத்தான் பிடிக்கும். வாரண்டி தருவது கம்பனியா, இறக்குமதி செய்தவரா, அந்தக் கடையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பாவித்த கணினிக்கும் வாரண்டி நாட்களையும் தொடர் இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு கையில் இருந்தும் கடை கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

தவணைக்கு எடுப்பதானால், காசு கொடுத்து வாங்கும் விலை என்ன, தவணை விலை என்ன என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வட்டி இல்லை என்பார்கள். இரண்டு விலைக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் வட்டி. அக்காவின் பெயரில் கடன் ஏறும் எதுவும் வேண்டாம் என்பது என் விருப்பம். டவரையும் ரேமையும் இப்போது எடுங்கள், உயர்தரப் பாடங்களுக்கு அது போதும்; கார்டுக்கான பணம் அக்காவின் கையிலேயே இருக்கட்டும். எர்த் கம்பி போட்டு, யூபிஎஸ் வைத்து, கணினி ஒரு மழைக்காலத்தை ஒழுங்காகத் தாண்டிய பிறகு கார்டை வாங்குங்கள். எந்த மாடல் கிடைத்தது என்று எழுதினால் அதன் பவர் சப்ளைக்கு எந்தக் கார்டு தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.